பழைய டிராயிங் டேப்லெட்டுக்குப் பழைய டிரைவர்தான் வேண்டும்

கேள்வி: ஓவியம் பழகும் என் மகளுக்காகப் பர்மா பஜாரில் பழைய வாகாம் பேம்பூ டேப்லெட் (கணினியில் செருகிப் பேனாவால் வரையும் பலகை) ஒன்றை வாங்கினேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் செருகினால் கர்சர் நகர்கிறது. ஆனால், எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில்தான் விழுகிறது. புதிய டிரைவரை (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) நிறுவியும், டேப்லெட் இணைக்கப்படவில்லை என்றே காட்டுகிறது. பின்புறத்தில் சிடிஹெச்-470 என்று அச்சிட்டிருக்கிறது. பணம் வீண்தானா?

- வாசகி, வியாசர்பாடி

பதில்: வீணில்லை. கர்சர் நகர்கிறது என்றாலே பேனாவும் பலகையும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். உரிய டிரைவர் இல்லாத நிலையில் விண்டோஸ் அந்த டேப்லெட்டை ஒரு சாதாரண மவுஸாகவே நடத்துகிறது. மவுஸுக்கு அழுத்தம் என்ற ஒன்றே கிடையாது என்பதால்தான் கோடு தடிக்கவில்லை. புதிய டிரைவரிலிருந்து பழைய மாடல்களை வாகாம் நீக்கிவிட்டதால், அது உங்கள் டேப்லெட்டை அடையாளம் காணாது. பின்புறத்து மாடல் எண்ணைக் குறித்து வைத்தது மிக நல்ல காரியம். எந்த டிரைவர் என்பதை முடிவு செய்வது அந்த எண்தான்.

முதலில் டேப்லெட்டைக் கழற்றிவிட்டு, இப்போதுள்ள டிரைவரை முழுவதுமாக நீக்கி, லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் இரண்டு டிரைவர்களும் ஒன்றோடொன்று மோதும். பிறகு வாகாம் இணையதளத்தில் பழைய மாடல்களுக்கான பகுதியிலிருந்து 5.3.5-3 என்ற பதிப்பை இறக்கி நிறுவுங்கள். அது விண்டோஸ் 10 காலம் வரைக்குமாக எழுதப்பட்டது என்றாலும், இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் 11 கணினிகளிலும் பொதுவாக ஓடுகிறது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்பில் மட்டும் ஓடாது. நிறுவி, மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்த பிறகு, ஹப் (பல துளைகள் கொண்ட இணைப்பான்) எதுவும் இல்லாமல் நேரடியாக யூ.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள்.

அப்போதும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் கோடு தடிக்காவிட்டால், அதன் டேப்லெட் அமைப்பில் விண்டோஸ் இங்க் என்பதை மாற்றி வின்டேப் என்று வைத்து, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். அதுவும் பலிக்காதபோது, ஓப்பன் டேப்லெட் டிரைவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வாகாம் டிரைவரை நீக்கிய பிறகே அதை நிறுவ வேண்டும். லினக்ஸ் கணினியில் இவ்வளவு பாடும் இல்லை; வாகாம் டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால், பெரும்பாலும் செருகியதுமே அழுத்தம் வேலை செய்யும்.

இந்த டேப்லெட் பேனாவின் அழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்தறியும்; புதியவை சிலவற்றில் 8192 என்கிறார்கள். ஓவியம் பழகும் பிள்ளைக்கு 1024 தாராளம் என்பது என் உறுதியான கருத்து.

பேனாவைப் பத்திரமாக வைத்திருங்கள். பேட்டரி இல்லாத அந்தப் பேனா பலகையின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெறுகிறது. அது தொலைந்தால், வேறு வரிசை வாகாம் பேனாக்கள் பெரும்பாலும் இதில் எழுதாது. நிப்பின் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள்: உருண்டையாக இல்லாமல் உளிபோல் ஒரு பக்கம் சரிந்து கூர்மையாக இருந்தால் பலகையைக் கீறிவிடும். சிறு இடுக்கியால் நேராக இழுத்து எடுத்துவிட்டுப் புது நிப்பைச் செருகிய பிறகே மகளிடம் கொடுங்கள்.