கேள்வி – பதில்: படம் முழுக்க மூட்டமா?

கேள்வி: ஒற்றை மூலக்கூறுகளைப் பார்க்க நாங்களே ஃப்ளூரசன்ஸ் நுண்ணோக்கி (லேசர் பட்டு ஒளிரும் சாயத்தைக் காட்டுவது) ஒன்றைக் கட்டினோம். 640 நானோமீட்டர் லேசர், என்.ஏ. (எவ்வளவு சாய்ந்த ஒளியையும் ஏற்கும் என்பதன் அளவு) 1.49 உள்ள 100 மடங்கு ஆயில் ஆப்ஜெக்டிவ் (மாதிரியை ஒட்டி எண்ணெய் விட்டு வைக்கும் லென்ஸ்), மங்கிய ஒளியையும் பிடிக்கும் எஸ்சிமாஸ் (sCMOS) கேமரா. படமெல்லாம் வெளிறிய மூட்டம். எங்கே கோளாறு?

பதில்: கேமராவைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் சாயம் கலக்காத வெறும் நீரைக் கவர்ஸ்லிப்பில் (மாதிரி வைக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு) விட்டுப் பாருங்கள். புள்ளிகள் மின்னினால் கண்ணாடி அழுக்கு. 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 20 நிமிடம் சோனிகேட் செய்து (கேளா ஒலி அதிர்வால் கழுவி), தூய நீரில் நன்றாக அலசுங்கள். சீரான மூட்டம் வந்தால் ஃபில்டர் வழியே லேசர் கசிகிறது, அல்லது ஆப்ஜெக்டிவ் எண்ணெயே ஒளிர்கிறது.

சாயம் விட்ட பிறகுதான் மூட்டம் என்றால் பெரும்பாலும் லேசர் சாயும் கோணம்தான் காரணம். கண்ணாடிக்கும் நீருக்கும் இடையே மாறுநிலைக் கோணம் சுமார் 61 டிகிரி; அதைத் தாண்டிச் சாய்ந்தால் கற்றை நீருக்குள் போகாமல் கண்ணாடிக்குள்ளேயே முழுதாகத் திரும்பிவிடும். லேசரை ஆப்ஜெக்டிவின் பின்குவியத் தளத்தில் (லென்ஸின் பின்பக்கக் குவியம் இருக்கும் தளம்) குவித்து, அந்தப் புள்ளியை மைக்ரோமீட்டர் திருகால் மெல்ல விளிம்புப் பக்கம் தள்ளுங்கள். மேலே வரும் கற்றை சாய்ந்துகொண்டே போய்ச் சட்டென்று மறையும். (அதை அட்டையில் மட்டும் பாருங்கள், கண்ணால் வேண்டாம்.) அப்புறம் ஒளி நீருக்குள் 100–200 நானோமீட்டர் ஆழம்வரைதான் எட்டும்; அதற்கு அப்பாலுள்ள சாயம் ஒளிர்ந்து மூட்டம் போடாது.

கோணம் சரியாகியும் கற்றை கோணல்மாணலாக இருந்தால் டைக்ரோயிக்கை (லேசரைத் திருப்பிவிட்டு, சாயத்தின் ஒளியைக் கடத்தும் கண்ணாடித் தகடு) பாருங்கள். 1 மி.மீ. தகட்டைத் திருகு போட்டு இறுக்கினால் வளையும், 3 மி.மீ. தகடே நல்லது.

சாயத்தையும் பிகோமோலார் (ஒரு மோலாரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். தனிப் புள்ளி படிப்படியாக மங்காமல் ஒரே அடியில் அணைந்தால், அது ஒற்றை மூலக்கூறுதான் என்று நம்பலாம்.