கோடை மலைநடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் போகவர மொத்தம் 12 கிலோமீட்டர் வரும் மலைப்பாதை ஒன்றில் நடக்க இருக்கிறோம். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்போம். காலை 11 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

பதில்: தூரத்தை எழுதிய நீங்கள் ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதை எழுதவில்லை. வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. கிலோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மலையை அளப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். உங்கள் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருப்பதாகக் கொண்டால், ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல பாதையில் நிற்காமல் நடக்கும், பழகிய கால்களுக்கான கணக்கு. கையூன்றி ஏற வேண்டிய பாறைகளும் மிதித்ததும் உருளும் சரளையும் உள்ள பாதையில், கோடை வெயிலில், ஓய்வையும் சேர்த்து ஆறேழு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழந்த நேரத்தை இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணவும் வேண்டாம். செங்குத்துச் சரிவில் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால், ஏறிய அளவுக்கே இறங்கவும் நேரம் பிடிப்பது உண்டு. 11 மணிக்குக் கிளம்புகிறவர் உச்சி வெயிலில் ஏறுவார், இடிமேகம் திரளும் பிற்பகலில் முகட்டில் நிற்பார், கால் தளர்ந்தபின் அரையிருட்டில் இறங்குவார். விடியும்போதே கிளம்புங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்து, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்வது?

பதில்: மணிக்கு அரை லிட்டர்; கடும் வெயிலில் முக்கால் முதல் ஒரு லிட்டர். வெறும் தண்ணீரையே தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று தவறாக எண்ணி இன்னும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புள்ள தின்பண்டம் பையில் இருக்கட்டும்.

கேள்வி: கண்ணாடி போல் தெளிந்த ஓடை நீரைக் குடிக்கலாம்தானே?

பதில்: கூடாது. ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கேள்வி: கூட வந்தவர் தள்ளாடினார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். நன்றாக வியர்த்ததால் வெப்பத்தாக்கு இருக்காது என்று சற்று உட்கார வைத்து மறுபடி நடந்தோம். சரிதானே?

பதில்: சரியே இல்லை. உடல் வறண்டால்தான் வெப்பத்தாக்கு என்பது ஆபத்தான நம்பிக்கை. உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சு குழறினாலும் நடத்தை மாறினாலும் அதுவே அடையாளம். உடனே நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, கையிலுள்ள நீரை உடலெங்கும் ஊற்றி விசிறியபடியே உதவி கோர வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். அவர் தப்பியது அதிர்ஷ்டம்.

கேள்வி: இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதுவே எட்டும் தூரம்தான். முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். தனிமரத்தடியும், மழைக்கு ஒதுங்கத் தோதான ஆழமில்லாத பாறைக் குடைவும் ஆகாது. ஒருவரை ஒருவர் விட்டு விலகி இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மேலே ஏறாதீர்கள். திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்தவருக்கு இந்தக் கேள்வி அநேகமாக எழாது.

கேள்வி: இறங்கும்போது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடுகிறது.

பதில்: பாதம் முன்னே சறுக்கிக் காலணியின் முனையில் இடிக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, இறங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் இடித்தால் காலணி சிறியது.

கேள்வி: கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது வேறென்ன தேவை?

பதில்: காகித வரைபடம், தலைவிளக்கு, ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது ஆபத்துக் குறி. மின்கலம் தீர்ந்தபின் கைப்பேசியால் அதைக்கூடச் செய்ய முடியாது.