கடையைக் கட்டும் முன் கட்ட வேண்டியவை

ஆபீஸைக் காலி செய்து இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கு எதையும் தாக்கல் செய்யவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா? – வாசகர், கோவை

யாரும் கேட்காவிட்டாலும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். உங்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு படிவங்கள். மூன்றாம் ஆண்டும் தவறினால் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். பாக்கியைத் தீர்த்து, எஸ்.டி.கே-2 என்ற விண்ணப்பம் போட்டு, பதிவேட்டிலிருந்து கம்பெனியின் பெயரை நீக்குங்கள்.

கடைசி எட்டு மாதம் ஊழியர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) தொகையைக் கட்டவில்லை. சர்வர் வாடகைக்கும் வெண்டர்களுக்கும் கொடுத்தோம். கம்பெனியைக் காப்பாற்றத்தானே செய்தோம்? – இரு நிறுவனர்கள், சென்னை

மாதந்தோறும் இந்தக் கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது. நானும் அதே பதிலையே எழுதுகிறேன்: பிடித்த பணம் உங்கள் பணமல்ல. சம்பளச் சீட்டில் 1,800 ரூபாய் பிடித்தம் என்று அச்சாகியிருக்கிறது. ஊழியர் தன் பாஸ்புக்கைத் திறந்தால் கடைசி வரவு போன தீபாவளிக்கு முந்தையது. டி.டி.எஸ். வரவாகாததால், பிடித்தம் போக மீதியை மட்டுமே வாங்கியவருக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வேறு போகிறது. அவரிடம் கேட்காமலே அவரை முதலீட்டாளர் ஆக்கிவிட்டீர்கள், ஒரு பங்குகூடக் கொடுக்காமல்.

ஊழியர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. டி.டி.எஸ். விஷயத்திலும் இயக்குநர்மீது வழக்கு வரும். ‘லிமிடெட்’ என்ற சொல் இங்கே உங்களைக் காக்காது. கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டாலும், பி.எஃப். பாக்கி கடன்காரர்கள் பங்கிட்டுக்கொள்ளும் சொத்தில் சேராது. கையில் மிச்சமுள்ள பணத்தில் முதலில் இதைக் கட்டுங்கள், வட்டியோடு. வெண்டர் காத்திருக்கட்டும்.

கூட்டாளி போன வருடமே ராஜினாமா செய்துவிட்டார். அவர் தப்பித்தாரா? – மதுரை

பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு அவரும் பொறுப்பு. அதற்குப் பிந்தையவற்றுக்கு நீங்கள். இயக்குநர் விலகியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்தீர்களா? அதைச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால் எப்படி?

ஊழியர்களுக்கு எழுதும் கடைசிக் கடிதத்தில் ‘சந்தைச் சூழல் சரியில்லை’ என்று சொன்னால் போதாதா? – பெங்களூரு

சுமார் 175 கோடி டாலர் திரட்டிய அமெரிக்க வீடியோ நிறுவனம் க்விபி. அதன் நிறுவனர் ஜெஃப்ரி கட்ஸன்பர்க் 2020 மே மாதத்தில் எல்லாப் பழியையும் கொரோனாமீது போட்டார். அக்டோபரில் மூடும்போது அவரும் தலைமைச் செயல் அதிகாரி மெக் விட்மனும் எழுதிய கடிதமோ, யோசனையிலேயே வலுவில்லாமல் இருக்கலாம், அல்லது வந்த நேரம் சரியில்லாமல் இருக்கலாம் என்றது. மே மாதத்துக்கு அக்டோபர் எவ்வளவோ மேல். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் கடைசிச் சம்பளம் எந்தத் தேதியில் என்று இருக்கட்டும். பி.எஃப். கட்டிய ரசீதையும் இணையுங்கள். வருத்தம் இரண்டாம் பத்தியில் வரலாம்.

கம்பெனிக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கம்பெனி மூடினால் அவருக்குச் சிக்கலில்லையே? – திருச்சி

உண்டு. வங்கி நேராக அவரிடமே வரலாம். அது வருமுன் நீங்கள் போய்ப் பேசுங்கள்.

மாமா 20 லட்சம் போட்டார். என் சொந்தப் பணத்திலிருந்து திருப்பித் தர வேண்டுமா? – சேலம்

பங்காகவா, கடனாகவா? நீங்கள் எழுதவில்லை. பங்கு என்றால் தர வேண்டியதில்லை. கணக்கைக் காட்ட வேண்டும். கைமாற்றாக உங்கள் பெயரில் வாங்கிக் கம்பெனியில் போட்டிருந்தால் அது உங்கள் கடன்தான். அடுத்த முறை ஒப்பந்த நகலோடு எழுதுங்கள்.