தறியில் பாதியில் நிற்கும் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா பட்டு நெசவாளர். அம்மா வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாமாண்டு முடியப் போகிறது. மூன்று மாதமாகக் கல்லூரிக்குச் சரியாகப் போகவில்லை. இரண்டு அரியர் வேறு. "கெமிஸ்ட்ரி படித்து என்ன ஆகப் போகிறது? நிறுத்திவிட்டு இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுங்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான் சீட் வாங்கித் தருகிறேன்" என்று தாய்மாமன் நெருக்குகிறாராம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் கொடுத்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். என்னிடம் இருந்த ஆறுதல் அவ்வளவுதான். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

நான்கு ஆண்டுக்குக் கல்லூரிக் கட்டணம் மட்டும் 6 லட்சம். விடுதியும் சாப்பாடும் தனி. அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. கவுன்சலிங் வழியாகப் போயிருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அது கிடையாது. கடன் வாங்கலாம் என்றார் அப்பா. கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும். "இந்தக் கடனில் மாமா ஒரு ரூபாய் கட்டுவாரா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பணத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "கல்லூரிக்குப் போகாத நாளில் என்ன செய்வாய்?"

சித்தப்பாவின் சாயப்பட்டறைக்குப் போவாளாம். சோப்பு நீரில் வேகவைத்துப் பட்டு நூலின் பசையை எடுப்பார்கள். பசை சீராகப் போகாத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எந்தச் சூட்டில், எவ்வளவு அமிலம் விட்டால் நிறம் ஒரே மாதிரி ஏறுகிறது என்று ஒரு நோட்டில் தொட்டி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறாள். அரியர் இரண்டும் துணைப்பாடமான அலைடு கணிதத்தில். வேதியியலில் ஒன்றுகூட இல்லை. இவளுக்கா வேதியியல் வரவில்லை? படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல ஆள் இல்லாமல் மனம் விட்டுப்போயிருக்கிறாள், அவ்வளவுதான். முதல் அரியர் விழுந்ததும் வகுப்புக்குப் போகக் கூச்சம், போகாததால் அடுத்த அரியர். படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளில் பலரிடம் நான் பார்ப்பது இந்தச் சுழலைத்தான்.

இதை அறுக்க வேண்டிய இடம் கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம். அப்படி ஓர் அறை இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடைசி ஆண்டில் கம்பெனிக்காரர்கள் வந்து ஆள் எடுக்கும் இடம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பல கல்லூரிகளும் அப்படியே நினைக்கின்றன. பாடம் நடத்தும் ஒரு பேராசிரியரிடமே கூடுதல் வேலையாக அதைக் கொடுத்துவிட்டு, அறையைப் பூட்டி வைக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் மையம் முதலாண்டிலேயே வேலையைத் தொடங்கும். அதே பாடம் படித்துப் போன அக்கா ஒருத்தியை அழைத்து வந்து, இப்போது என்ன வேலை பார்க்கிறாள் என்று பேச வைக்கும். வருகை குறைந்தால் வீட்டுக்குப் போன் வரும். அலைடு கணிதத்துக்கு மாலை வகுப்பு ஏற்பாடாகும். ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தை நேரில் காட்டுவார்கள். தன்விவரக் குறிப்பும் நேர்முகத் தேர்வுப் பயிற்சியும் இதற்கெல்லாம் பிறகுதான். படிப்பு எந்த வேலைக்கு வழி என்று கண்ணால் பார்த்த பிள்ளை அவ்வளவு சுலபமாகப் பாதியில் விடாது.

கல்லூரியில் மையம் தூங்கினால் மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது. நாம் இன்னும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்று அழைத்து, பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகும் இடத்தின் பெயர் இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பெயரின் பின்பாதியை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆலோசனைக்குக் காசு கிடையாது.

பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் சொன்னது பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று அப்பா நினைத்திருந்தார். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அது. பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் 1973இல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். இன்று பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். முடித்தவர்களும் போகலாம். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களே பொறியியல் படிக்காத பட்டதாரிகளையும் இப்படி எடுக்கின்றன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே கேட்கப் போகும்போது கெஞ்ச வேண்டியதில்லை.

பட்டதாரிக்குப் பயிற்சி ஓராண்டு. மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019இல் விதியில் வைத்தார்கள். அதில் பாதி மத்திய அரசின் பங்கு. இதைக் கவனிக்கும் தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவை நாட்ஸ் (NATS) என்னும் தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பிள்ளையே செய்துகொள்ளலாம், தரகர் வேண்டாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முடிவில் அரசு வாரியத்தின் சான்றிதழ். அந்த நிறுவனமே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

வேதியியல் படித்தவள் எங்கே போவாள்? மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர்ப் பரிசோதனை, துணிச் சாய ஆலை. அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுப்பது கருவியை இயக்க அல்ல, பதிவேடு எழுத. எடை, நேரம், சூடு, கையெழுத்து. எழுதாதது செய்யாததற்குச் சமம். சாயப்பட்டறை நோட்டில் அந்தப் பெண் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருப்பது இதைத்தான். அந்த நோட்டை நேர்முகத் தேர்வுக்குக் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன்.

காலக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். பட்டத்துக்கு இன்னும் ஓராண்டு, பயிற்சி ஓராண்டு. இரண்டாண்டில் அவள் கையில் பட்டம், அனுபவம், கொஞ்சம் சேமிப்பு. மாமா சொல்லும் வழியில் போனால் அதே நாளில் அவள் இரண்டாமாண்டு முடித்திருப்பாள், 3 லட்சம் போயிருக்கும். அதற்குப் பிறகும் இன்ஜினியரிங் ஆசை வந்தால், பிளஸ் 2வில் கணிதம் படித்தவள் என்பதால் பி.எஸ்சி. பட்டத்தோடு நேரடி இரண்டாமாண்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஆசை அவளுக்கு வர வேண்டும். "உனக்கு கம்ப்யூட்டர் பிடிக்குமா?" என்று அப்பா அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

நெசவாளரிடம் வேறெப்படிச் சொல்வது? பாவு பாதி ஓடிய சேலையை, பக்கத்து வீட்டு டிசைன் நன்றாக இருக்கிறது என்று யாராவது தறியிலிருந்து அறுப்பார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை மூவருமாகக் கல்லூரிக்குப் போய்த் துறைத்தலைவரைப் பார்த்து, வருகைப் பதிவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். அன்றே அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வேலைவாய்ப்பு மையத்தின் சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. மாமாவின் தொலைபேசி எண்ணை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.