இரண்டு ஏஸ் வந்தும் தோற்பது ஏன்?

கேள்வி: விடுமுறையில் உறவினர்கள் ஐந்து பேர் புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்து லிமிட் ஹோல்டெம் போக்கர் (ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தய அளவுக்கு வரம்பு உள்ள சீட்டாட்டம்) ஆடுகிறோம். இரண்டு ஏஸ் கிடைத்தால் அடக்கி வாசித்து, மற்றவர்களை உள்ளே இழுக்கிறேன். ஆனாலும் அடிக்கடி தோற்கிறேனே?
– வாசகர், திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பதில்: அடக்கி வாசிக்காதீர்கள், ஐயா. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால் அது ஏறக்குறைய 85 சதவீதம் வெல்லும். நால்வரும் கடைசிவரை நின்றால் சுமார் 56 சதவீதம்தான். ஆகவே அவ்வப்போது தோற்பது இயல்பே. ஆனால் ஐவரும் சமமாகப் போடும் பந்தயத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் உங்களுக்குரியதாகிறது என்பதால், பொதுச்சீட்டுகள் திறக்கும் முன்பே, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு முழுவதுமாக உயர்த்துவதே முறை. லிமிட் ஆட்டத்தில் பந்தயத் தொகை வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒரே அடியில் எவரையும் விரட்ட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை அமைதியாக இருந்தவர் நான்காம் பொதுச்சீட்டில், பந்தயம் இரட்டிப்பாகும் கட்டத்தில், திடீரென உயர்த்தினால் பதிலுக்கு உயர்த்தாதீர்கள். ஆயினும் எளிதில் விலகவும் வேண்டாம். கடைசிச் சுற்றில், நடுவில் ஒன்பது பந்தயம் சேர்ந்திருக்க ஒன்று கொடுத்துப் பார்ப்பதற்கு, பத்தில் ஒருமுறை வென்றாலே ஈடாகிவிடும். ராஜா ஜோடிக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் ஏஸ் வர ஏறத்தாழ 23 சதவீத வாய்ப்பு உண்டு; அப்போது கையில் ஒரு ஏஸ் வைத்திருப்பவர் உங்களை முந்திவிடுவார்.