சிறுநீரக நோயுள்ள 6 வயது மகளுக்கு வைட்டமின் டி 14. டி3, ஆல்ஃபாகால்சிடால் என்று இரண்டு மருந்து எதற்கு? 60,000 யூனிட் டி3 பொடி ஒன்றே போதாதா?

போதாது. இரண்டும் செய்யும் வேலை வேறு.

டி3 மருந்து உடலில் நேராக வேலை செய்யாது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி டி ஆக்குகிறது. ரிப்போர்ட்டில் உள்ள 14 அதன் அளவுதான். அதைக் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவமாக்குவது பெரும்பாலும் சிறுநீரகம். அது பழுதானால், ரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவதற்கு முன்பே எலும்பிலிருந்து எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடி இந்த மாற்றத்தை அமுக்கிவிடுகிறது. கால்சியம் இறங்கும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி பிடிஎச் ஹார்மோனைக் கூட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். வளரும் பிள்ளைக்குக் கால் வளைவதற்கும் உயரம் தடைபடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் நிரப்ப வேண்டியது டி3. ஐரோப்பியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல் இந்த அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருக்கச் சொல்கிறது. ஒரு வயது கடந்தவர்களுக்கு 5 முதல் 20 வரை இருந்தால் தினம் 4,000 யூனிட், மூன்று மாதம். பிறகு மறுபடி ரத்தம் பார்த்து 1,000 முதல் 2,000. சில லேப்கள் நானோமோலில் தருவார்கள், அதை 2.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் போகும் பிள்ளைகளுக்கு டி-யைச் சுமக்கும் புரதமும் சேர்ந்தே போவதால் அளவு ஏறாமல் அடம்பிடிக்கும். டோஸ் கூடுதலாகத் தேவைப்படலாம்.

வாரம் ஒரு 60,000 பாக்கெட் என்றால் நாளுக்குச் சுமார் 8,500 யூனிட், உங்கள் மகளுக்குப் பொருந்துவதைப்போல் இரண்டு மடங்கு. ஒரேயடியாகப் பெரிய டோஸ் கொடுப்பதை அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டி3 நிரம்பியும் பிடிஎச் இறங்காவிட்டால்தான் பொதுவாக ஆல்ஃபாகால்சிடால். கால்சியம் தாழ்ந்திருந்தால் முன்பே தொடங்குவார்கள். சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றம் ஏற்கெனவே செய்யப்பட்ட மருந்து என்பதால் இதில் பலன் வேகம், ஆபத்தும் வேகம். குடலிலிருந்து கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் இழுக்கும். இரண்டும் ஏறினால் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். எனவே மிகக் குறைந்த டோஸில் தொடங்கி, கால்சியம், பாஸ்பேட், பிடிஎச் மூன்றையும் பார்த்துத்தான் கூட்டுவார்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழிப்பது இவை தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கால்சியம் கார்பனேட் எழுதியிருந்தால் சாப்பாட்டோடே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பாஸ்பேட்டைப் பிடிக்காது, கால்சியம்தான் ஏறும். எலும்புக்கு நல்லது என்று கடையில் வாங்கும் சிரப்புகள் பலவற்றில் கால்சியம் பாஸ்பேட்டும் டி3-யும் இருக்கும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள்.