தொழிற்சாலை மின் பேனல்களில் எத்தனை வகை? எது எதற்கு?

வகைகளை எண்ணுவதைவிட, மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து பார்த்தால் எளிதில் பிடிபடும். நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவன். அதை வைத்தே சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் 22 கிலோவோல்ட் முதலில் எச்.டி. பேனலை, அதாவது உயர் அழுத்தப் பேனலைத் தொடும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக இறக்கி மெயின் பேனலுக்குக் கொடுக்கும். மெயின் பேனல் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பஸ்பார் என்னும் உலோகப் பட்டைகள், நுழைவாயிலில் ஏ.சி.பி. என்னும் பெரிய பிரேக்கர். அது டிரிப் ஆனால் ஆலையே இருண்டுவிடும். ஆகவே, எங்கோ ஒரு மோட்டார் ஷார்ட் ஆனால் அதன் பிரேக்கர்தான் முதலில் விழ வேண்டும். அப்படி செட்டிங் வைக்காத ஆலைகள் நிறைய.

பக்கத்தில் ஏ.எம்.எஃப். பேனல். கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானே ஓடவைத்து லோடை மாற்றும். வாரியத்தின் மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராதபடி தடுக்கும் இன்டர்லாக்தான் இதன் உயிர்.

அடுத்தது எம்.சி.சி., அதாவது மோட்டார்களின் ஸ்டார்ட்டர்கள் அடுக்கிய பேனல். சிறிய மோட்டாருக்கு, முழு வோல்டேஜை நேரடியாகக் கொடுக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போதும். பெரியதற்கு ஸ்டார் டெல்டா. தொடக்கத்தில் இழுக்கும் கரண்டை அது மூன்றில் ஒரு பங்காக்கும். வேகத்தை மாற்ற வேண்டிய இடத்தில் டிரைவ் பேனல். நூற்பாலையில் இதற்குப் பஞ்சுத் தூசிதான் எமன். விசிறியின் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் டிரைவ் சூடேறி நின்றுவிடும்.

யாரும் திரும்பிப் பார்க்காதது கெபாசிட்டர் பேனல். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை, உயர்த்துவது இதன் வேலை. 200 கிலோவாட் லோடு 0.8 பவர் ஃபேக்டரில் ஓடினால் டிமாண்ட், அதாவது வாரியத்திடமிருந்து இழுக்கும் மொத்த அளவு, 250 கே.வி.ஏ. அதையே 0.95க்கு உயர்த்தினால் சுமார் 210. எச்.டி. இணைப்புக்கு டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ. கணக்கில்தான் என்பதால், இந்தப் பேனல் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும்.

எங்கள் ஆலையில் டிரைவ்கள் கூடியபோது கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றாக உப்பின, ஃபியூஸ் போயிற்று. பெரிய ஃபியூஸ் போட்டோம். அது எங்கள் முட்டாள்தனம். ஒருநாள் டெர்மினலே கருகிவிட்டது. டிரைவ்கள் கிளப்பும் 250 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ், அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் வரும் மின்னோட்டம், கெபாசிட்டருக்குள் பாய்ந்ததுதான் காரணம். 7 சதவீத ரியாக்டர் என்னும் கம்பிச்சுருளைத் தொடராகச் சேர்த்து, கூடுதல் வோல்டேஜ் தாங்கும் கெபாசிட்டர்களை மாட்டினோம். ரியாக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்து ஒத்திசையும் இடம் அப்போது 189 ஹெர்ட்ஸ் அருகே விழுவதால் 250 ஹெர்ட்ஸ் ஒத்திசைந்து பெருகாது. பேனல் ஆர்டர் கொடுக்கும்போது ஆலையில் எத்தனை டிரைவ் ஓடுகிறது என்று மறக்காமல் சொல்லுங்கள். செய்பவர் கேட்பது அபூர்வம். இன்னொன்று: சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் இருக்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டரில் அளந்த பிறகே கை வைக்க வேண்டும்.

விளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டி.பி.யும், தானியங்கி இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி. இருக்கும் பேனலும் தனியாக உண்டு.

நேரில் கற்க விரும்பினால் மெயின் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை முதலில் படியுங்கள். எங்கள் பேனலில் யாரோ ஆயுத பூஜைச் சந்தனத்தை அதன்மேலேயே அப்பிவிட்டதால், மூன்றாம் ஃபீடர், அதாவது பேனலிலிருந்து வெளியே போகும் மூன்றாவது லைன், எங்கே போகிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை.